கிரவுண்ட் கிளியரன்ஸ்

கார் வாங்குவது என்று முடிவான அன்றே அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரும் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள், காரை ஓட்டப் போகிறவளைத் தவிர.

ஓட்டப் போகிறவள் அந்த வீட்டு மருமகள். படித்தது பிசியோதெரபி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள், இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடப்பவர்கள், இப்படிப்பட்டவர்களை வீடு தேடிப் போய்க் கையையும் காலையும் நீவி, மடக்கி, எழுப்பி நிற்க வைப்பது அவள் வேலை. ஊரைத் தாண்டிப் பண்ணைவீடுகள் சிதறிக் கிடக்கும் பக்கமெல்லாம் அவளுக்குக் 'கைகால் டாக்டர்' என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கும். வீட்டில் அவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது: 'ஊர் சுத்துறவ'. வைத்தது மாமியார்.

கணவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடை ஆட்கள் அவரை முதலாளி என்பார்கள். அவளும் மனசுக்குள் அப்படித்தான் சொல்வாள், ஆனால் வேறு ராகத்தில். நல்ல சரக்கெல்லாம் கடையின் மாடியில். கீழ்த்தளத்தில், வாசலை ஒட்டினாற்போல, ஆள் இறங்கிக் குளிக்கலாம் என்கிற அளவுக்கு ஒரு மரத்தொட்டி. சாயம் போனது, பூச்சி அரித்தது, ஒரு கை நீளம் ஒரு கை குட்டை என்று தைத்த சட்டை, எல்லாம் அதில் கொட்டிக் கிடக்கும். அரை விலைக்குத் தள்ளிவிடுவதற்காக மேலே சிவப்பு அட்டையில் 'கிளியரன்ஸ்' என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார். கடைக்குள் அதைக் 'கிரவுண்ட் கிளியரன்ஸ்' என்பார்கள், தரைத்தளத்தில் இருப்பதால். வேலைக்கு ஆகாத மனிதரைக்கூட முதலாளி அப்படித்தான் சொல்வார். புதிதாகச் சேர்ந்த விற்பனையாள் கொஞ்சம் மந்தமாக இருந்தால் போதும், "கிரவுண்ட் கிளியரன்ஸ் கேஸ்பா இது" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தாக வேண்டும். அவர்களும் பாவம், சம்பளம் வாங்குகிறவர்கள், சிரிப்பார்கள்.

அவள் அதுவரை ஸ்கூட்டரில்தான் போய்வந்துகொண்டிருந்தாள். பண்ணைவீடுகளுக்குப் போகிற மண்பாதையில் டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் சக்கரம் ஆழமாகத் தோண்டியிருந்தது. நடுவில் திட்டாக மண் நின்று, காய்ந்து கல்லாகிப் போயிருந்தது. அந்தப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து மணிக்கட்டு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்த டாக்டர், கார் ஓட்டலாம், ஆனால் இனிமேல் இரண்டு சக்கர வண்டியைக் கனவில்கூட நினைக்காதே என்று சொல்லிவிட்டார்.

கட்டுப் போட்டிருந்த காலம் முழுவதும் அவளைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சும்மா வீட்டில் கிடப்பதற்குக் கடையில் உட்காரலாமே என்று தொடங்கியது, நாலு நாளில் "இப்படியே இருந்துடேன், நல்லாத்தானே இருக்கு" என்று மாமியார் வாயில் வந்து நின்றது. கஞ்சி போட்ட துணி வாசனை. மேலே மின்விசிறியின் கடகடப்பு. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் பல்லைக் காட்ட வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தே தன் ஆயுசு முடிந்துவிடும் என்கிற பயம் முதல் முறையாக அவளுக்கு வந்தது. மண்பாதையில் போகிற மாதிரி ஒரு கார் கிடைத்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் நாற்காலிதான். அவ்வளவுதான் விஷயம். இது அவளுக்கு மட்டும்தான் விளங்கியது.

அவளுக்காகக் காத்திருந்தவர்களில் ஒருத்தி டிராக்டர்காரர் மனைவி. வலது பக்கம் விழுந்துபோனவள். நடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக நிற்க ஆரம்பித்திருந்த சமயத்தில்தான் அவளுடைய கைகால் டாக்டரின் கை முறிந்தது. அந்தப் பாதைக்கு வாடகை வண்டிக்காரர்கள் வர மாட்டார்கள். ஒரு தடவை டிராக்டர்காரரே வந்து கைகால் டாக்டரை ஏற்றிக்கொண்டு போனார். குலுங்கிய குலுக்கலில் மணிக்கட்டு வீங்கி, தகடு வைத்த டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஆகவே அவள் தனக்கு என்ன வண்டி வேண்டும் என்று நன்றாக யோசித்து வைத்திருந்தாள். பெரிய வண்டி கட்டுப்படியாகாது, பாதையிலும் திரும்பாது. சின்னதாக, ஆனால் உயரமாக இருக்க வேண்டும். வயிறு அந்த மண் திட்டில் இடிக்கக் கூடாது. அதற்காகவே ஒரு குச்சியைக் கொடுத்து டிராக்டர்காரரைத் திட்டின் உயரத்தை அளந்து வெட்டித் தரச் சொல்லியிருந்தாள். டயர் கனமாக இருக்க வேண்டும். பின் இருக்கையை மடித்தால் மடக்குக் கட்டிலும் நடைக்கம்பியும் உள்ளே போக வேண்டும். பழுதானால் உள்ளூர் மெக்கானிக் கைவைக்கிற வண்டியாக இருக்க வேண்டும். இதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

முதலாளிக்கு இந்த வண்டிகளின் பெயர் மட்டும் தெரியும். "காம்பாக்ட் எஸ்யூவி" என்று வாய் நிறையச் சொல்வார், அந்த வார்த்தையைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்கிற மாதிரி. போனில் வீடியோ பார்ப்பார். பார்த்துவிட்டு, கூரையில் கண்ணாடி திறக்கிறதாம், அதன் வழியாகத் தலையை நீட்டலாமாம் என்று சாப்பாட்டு மேசையில் அளந்துவிடுவார். அந்தப் பாதையில் தலையை நீட்டினால் வாய்க்குள் அரைக்கிலோ புழுதி போகும் என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். முதலாளியின் மண்டையில் ஏறவில்லை.

துணைக்கு வந்து சேர்ந்தார் சித்தப்பா, முதலாளியின் அப்பாவுக்குத் தம்பி. அந்தக் குடும்பத்தின் கார் ஜாம்பவான். எப்போதோ ஒரு காலத்தில் ஒரு பழைய காரை வாங்கி, எட்டு மாதம் தள்ளி, விற்றுத் தொலைத்தவர். அந்த எட்டு மாதத்தில் ஆட்டோமொபைல் சாஸ்திரத்தையே கரைத்துக் குடித்துவிட்டதாக வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை. எந்தக் காரைப் பார்த்தாலும் கதவை ஒரு தடவை திறந்து சாத்துவார், கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பார், "ம், பரவால்ல" என்பார். அதுதான் பரிசோதனை. தர்பூசணி வாங்கப் போனாலும் இதையேதான் செய்வார்.

மூவரும் ஷோரூமுக்குப் போனார்கள். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதிலை முதலாளி முகத்தைப் பார்த்துச் சொன்னார். டயர் அளவைக் கேட்டவள் ஒருத்தி, பதில் போவது இன்னொருவருக்கு; அந்த இன்னொருவருக்கோ அது டயரா டப்பாவா என்று தெரியாது. அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. சரி, பதில் காதில் விழுந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

அங்கே ஒரு வண்டி நின்றது. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேடு பள்ளம் பார்த்துப் பழகிய உடம்பு மாதிரி நின்றது. அவள் கூச்சப்படாமல் தரையில் குந்தி, கைப்பையிலிருந்து குச்சியை எடுத்து வயிற்றுக்கு அடியில் நிறுத்திப் பார்த்தாள். தாராளமாக இடம் இருந்தது. சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷோரூமில் குந்தி உட்காருகிற மருமகளைத் தெரியாதவர் மாதிரி நிற்பதில் அவருக்கு அவ்வளவு மும்முரம். அவள் எழுந்து பின்பக்கம் போய் இருக்கையை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது விற்பனையாளர் முதலாளியிடம் உற்சாகமாகச் சொல்வது கேட்டது: "இந்த விலைக்கு இவ்வளவு கிரவுண்ட் கிளியரன்ஸ் வேற எந்த வண்டியிலயும் கிடையாது சார்."

முதலாளி முகத்தைச் சட்டென்று கல்லாக்கிக்கொண்டார். சித்தப்பாவைத் தள்ளிக்கொண்டுபோய் மூலையில் ஏதோ குசுகுசுத்தார். திரும்பி வந்து, யோசித்துச் சொல்கிறோம் என்று கைகொடுத்துவிட்டு வெளியே நடந்தார். வழியெல்லாம் அவள் அந்த வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்றாள். "நான் பாத்துக்கறேன் விடு" என்றார். வியாபாரி பேரம் பேசுவதற்காக வெளியே வந்திருக்கிறார் போல என்று நினைத்தாள். அந்த அளவு மூளையாவது இருக்கும் என்று நினைத்தது அவள் தப்பு.

சில நாள் கழித்துக் கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, வண்டி அவள் பெயரில்தான், கையெழுத்துப் போடு என்றார். பாதிக்கு மேல் பணம் அவளுடையது. அதனால் பெயர் அவளுடையதாக இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். ஒரு பக்கம் ஆள் சில்லறை கேட்டு நின்றது, இன்னொரு பக்கம் போன் அடித்தது. படித்துப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டு வாசலில் வந்து நின்றது வேறொரு கார். பளபளவென்று, தரையை நக்குகிற மாதிரி ஒரு வண்டி. பின்னால் 'எஸ்யூவி' என்று ஒட்டியிருந்தது. ஒட்டினால் ஆகிவிடுமா? ஒரு பூனையின் முதுகில் புலி என்று எழுதலாம். கூரையில் கண்ணாடி இருந்தது. மாமியார் வெளியே வந்து கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். அவள் குச்சியை எடுத்து அடியில் விட்டுப் பார்த்தாள். குச்சி நுழையவே இல்லை.

"நம்ம பாத்தது இது இல்லியேங்க" என்றாள்.

முதலாளி அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். குரலைத் தாழ்த்தி, தொழில் ரகசியம் சொல்கிறவர் மாதிரி சொன்னார்:

"நீ பாத்த வண்டியத்தான் எடுத்திருப்பேன். ஆனா அவன் நம்மகிட்டயே வேலையக் காட்டுறான். கிரவுண்ட் கிளியரன்ஸ் அதிகம்னு வாய்விட்டே சொல்றான். விக்காம கெடந்தத நம்ம தலையில கட்டப் பாக்குறான். நான் எத்தன வருஷமா தொட்டி வெச்சு அதே வேலையப் பண்றேன், எனக்கேவா? இத வித்த இன்னொரு ஷோரூம்காரன் யோக்கியன். கேட்டதும் உண்மையச் சொல்லிட்டான். 'கிளியரன்ஸ் இதுல கம்மிதான் சார்'னான். அப்பவே பணத்தக் கட்டிட்டேன்."

சித்தப்பா தலையாட்டினார். கதவுச் சத்தமும் பிரமாதம் என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. அப்படி இப்படி இல்லை. வாசல் படியில் உட்கார்ந்து, கட்டு அவிழ்த்த கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். தன் வண்டியின் உயரத்தை மனுஷன் தள்ளுபடித் தொட்டியில் போட்டுவிட்டாரே என்று சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "அது வண்டி வயித்துக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற உயரம்ங்க" என்று விளக்கிச் சொன்னாள்.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம்தான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதெல்லாம் தனக்கும் தெரியும் என்றும், அதையும் சேர்த்து யோசித்துத்தான் எடுத்ததாகவும் சொன்னார். ஓட்டுகிற விதத்தில் ஓட்டினால் எந்த வண்டியும் எங்கேயும் போகும் என்றார் சித்தப்பா, தன் வண்டியை எட்டு மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாதவர். மாமியாரோ, இவ்வளவு நல்ல வண்டி வந்து நிற்கும்போது வாசலில் உட்கார்ந்து பேய் மாதிரி சிரிக்கிறாளே என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவள் அதை எடுத்துக்கொண்டு டிராக்டர்காரர் வீட்டுக்குக் கிளம்பினாள். போகாது என்று தெரியும். இருந்தாலும் அங்கே ஒருத்தி நடைக்கம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். போகாமல் இருக்க மனசு கேட்கவில்லை. தார்ச்சாலை முடிந்து மண்பாதை ஆரம்பித்ததும் ஒரு சக்கரத்தைத் திட்டின் மேலும் ஒன்றை ஓரத்திலும் ஏற்றி ஊர்ந்து பார்த்தாள். ஒரு திருப்பத்தில் சக்கரம் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. வயிறு திட்டின் மேல் உட்கார்ந்தது. அடியில் ஏதோ மளுக்கென்றது. இறங்கிப் பார்த்தால் என்ஜின் எண்ணெய் மண்ணில் கருப்பாகப் பரவிக்கொண்டிருந்தது.

டிராக்டர்காரர் வந்து கயிறு கட்டி இழுத்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. அந்த மரியாதைதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

பழுது பார்த்து வந்ததும் முதலாளி ஒரு முடிவு சொன்னார். இனி அந்தப் பாதைக்கு இந்த வண்டியைக் கொண்டுபோகக் கூடாது. கல்யாணம் காட்சிக்குப் போக வர இருக்கட்டும், வீட்டு முன்னால் நின்றாலே ஒரு கௌரவம். அவள் கடைக்கு வந்துவிடட்டும். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கருணை வழிந்தது. தான் செய்த கூத்துக்கு அவளைத் தண்டிக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அவளும் அப்போது சண்டைக்கு நிற்கவில்லை. முட்டாளோடு குடும்பம் நடத்தி அவளுக்குப் பழகிவிட்டது. சொல்லப்போனால் அதில் ஒரு சௌகரியம்கூட இருந்தது. மனசுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கொஞ்ச நாள் போகட்டும், மெதுவாகப் பேசி மாற்றிக்கொள்ளலாம் என்று கல்லா பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு நாள் மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை திரைச்சீலைத் துணி எடுக்க வந்தாள். எடுத்துவிட்டுப் பணம் கொடுக்க வந்தவள், குனிந்து உரிமையோடு சொன்னாள்: "ஏம்மா, காட்டுல மேட்டுல போறவ நீ, உயரமான வண்டியா எடுக்க வேணாமா? மேல கண்ணாடி தொறக்கறதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னியாமே. பாவம் அவன், எவ்வளவோ எடுத்துச் சொன்னானாம், நீ கேக்கலியாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதலாளி நாலு அடி தள்ளித்தான் நின்றார். துணி அளந்துகொண்டிருந்தார். அந்தப் பேச்சு அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. தலையைத் தூக்கவில்லை. அளவுகோலில் துணியை வைத்து, அளந்த இடத்தையே மறுபடியும் அளந்தார்.

ஆக, ஊர் முழுவதும் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்! சொந்தக்காரர்களுக்கு, வாடிக்கையாளர்களுக்கு, கடை ஆட்களுக்கு, எல்லோருக்கும். சித்தப்பாவுக்கு உண்மை தெரியும், அவரும் சேர்ந்துதான் சொல்லியிருப்பார். அவள் சிரித்த சிரிப்பெல்லாம் கசந்தது. முட்டாள் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். முட்டாளைப் பொறுத்துக்கொள்ளலாம். தன் முட்டாள்தனம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெண்டாட்டியின் பிழைப்பையே மண்ணில் போட்டு மூடுகிற ஆளை என்னவென்று சொல்வது?

அன்று மத்தியானமே டிராக்டர்காரர் போன் பண்ணினார். குறை சொல்கிற குரல் இல்லை. "அவ இப்பக் காலையே ஊன மாட்டேங்கறா டாக்டர். நிக்கச் சொன்னா அழுவுறா. நீங்க வருவீங்கதானே?" என்றார்.

வருவேன் என்றாள். போனை வைத்தாள், கல்லாச் சாவியை மேசையில் வைத்தாள், எழுந்து போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

பழைய கார் வாங்கி விற்கிற இடம் ஊர்க்கோடியில் இருந்தது. பளபளக்கிற வண்டியைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினாள். வரிசையில் கடைசியாக ஒரு வண்டி நின்றது. ஷோரூமில் பார்த்த அதே ரகம், சில வருஷம் ஓடியது. ஒரு பக்கக் கதவில் கொம்பால் இழுத்த மாதிரி நீளக் கீறல். உள்ளே தீவன மூட்டை ஏற்றிய வாசனை போகவில்லை. குச்சியை அடியில் விட்டுப் பார்த்தாள். அப்புறம் ஓட்டிப் பார்த்தாள். உள்ளூர் மெக்கானிக்கை வரவழைத்து அடியில் படுக்க வைத்தாள். இதற்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது, புதுக் காரைக் கொடுத்துப் பழையதை வாங்குகிற பெண்ணைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் கேட்டுவிட்டு வந்தீர்களா என்று இழுத்தார்.

"பதிவு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க" என்றாள். அவர் பார்த்தார். மாற்றல் படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

நேராக மண்பாதைக்குப் போனாள். திட்டு அடியில் போய்க்கொண்டே இருந்தது, வண்டி அதைச் சட்டை செய்யவில்லை. டிராக்டர்காரர் மனைவியின் கால் இறுகிப் போயிருந்தது. பழைய இடத்துக்கு வர இனி மாதக்கணக்கில் ஆகும், வராமலும் போகலாம். அதை அவளிடம் சொல்லவில்லை. முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டினாள். வலி தாங்காமல் அவள் டாக்டரின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இனிமே வராம இருக்க மாட்டேன்" என்று மட்டும் டாக்டர் சொன்னாள்.

சாயங்காலம் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். சக்கரமெல்லாம் மண். வழியெல்லாம் முதலாளியிடம் கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி. முதலாளி வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், கீறலைப் பார்த்தார், விஷயம் புரிந்துபோனது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பின்னால் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்று பார்ப்பது தெரிந்ததும் குரலை இறக்கினார்.

"என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்க? நாலு பேர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

போன காரைப் பற்றிக் கேட்கவில்லை. போன பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. டிராக்டர்காரர் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்கப் போவதும் இல்லை. அவர் கண் இரண்டும் வாடிக்கையாளர் பக்கமும் அவள் பக்கமுமாக ஓடிக்கொண்டிருந்தது. சேர்த்து வைத்திருந்த கேள்வியெல்லாம் அவளுக்கு வீண் என்று பட்டது.

"நான்தான் தப்பா எடுத்துட்டேன், இப்ப புத்தி வந்து மாத்திக்கிட்டேன்னு சொல்லுங்க" என்றாள். "ஏற்கெனவே அப்படித்தானே சொல்லிட்டிருக்கீங்க."

சொல்லிவிட்டு நின்றாள். இல்லை, தப்பு என்னுடையது என்று, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரியாவது ஒரு வார்த்தை வருமா என்று நின்றாள். இன்னும் அப்படி ஒரு நப்பாசை தனக்குள் மிச்சம் இருந்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

முதலாளி நீளமாக ஒரு மூச்சு விட்டார். தூக்கி வைத்திருந்த தோள் இறங்கியது. முகம் தெளிந்தது.

"அப்ப சரி" என்றார். "அப்படியே சொல்லிடறேன்." வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பி, நல்ல சரக்கெல்லாம் மாடியில் இருக்கிறது, வாங்க காட்டுகிறேன் என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.